வெறுங்கதிரைக்கு முன்னால் மூடிய தட்டு

இலண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அடுப்புக்கு மேல் எப்போதும் ஒரு தட்டு மூடியிருக்கும். என் கணவர் பஸ் ஓட்டினார். அவருடைய ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். நான் கவுன்சிலில் எழுதுவினைஞராக இருந்தேன். எங்களோடு இருந்த என் அக்கா, ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்தாள். மூவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது அபூர்வம். முதலில் வருகிறவர் சமைக்க வேண்டும். பிந்தி வருகிறவரின் பங்கைப் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, அடுப்புக்கு மேல் வைத்துவிட வேண்டும். யாரும் சொல்லி ஏற்பட்ட ஒழுங்கு இல்லை அது. மேல் தட்டைத் தூக்கும்போது அதன் உட்புறத்தில் ஆவி துளித்துளியாக நிற்கும். நமக்காக ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதற்கு அந்த நாட்களில் எனக்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

திகதிகளில் நான் கொஞ்சம் பிடிவாதமானவள். வாங்குகிற புத்தகம் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் திகதியையும் கடை இருந்த தெருவையும் எழுதிவிடுவேன். ஆனால் இங்கே நான் சொல்லப்போகும் புத்தகம் என்னுடையதல்ல. ஆகவே 1991, இலையுதிர்காலம் என்பதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்தள்ளிய பிறகு என்பது மட்டும் நிச்சயம். நாலரைக்கே இருண்டிருந்தது.

அக்காவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவள் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவள். 1987இன் கடைசியில் ஒரு காலை, அவளுடைய கணவர், எங்கள் அத்தான், சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் போனார். திரும்பவில்லை. யார் பிடித்தார்கள், பிடித்தார்களா, எங்கே கொண்டுபோனார்கள், ஒன்றும் தெரியாது. உடலைக் கண்டவர் யாருமில்லை. உயிரோடு கண்டதாகச் சொன்ன இருவரும் பிறகு, அது வேறு ஆளாக இருக்கலாம் என்று பின்வாங்கினார்கள். ஒன்றரை வருடம் இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கிவிட்டு, 1989இல் அக்கா என்னிடம் வந்து சேர்ந்தாள். பொட்டோடும் தாலியோடும்தான் வந்தாள்.

1991 கோடையில் கனடாவிலிருந்து அத்தானின் தமையனார் தொலைபேசியில் பேசினார். தாயாருக்கு வயதாகிவிட்டது, கண் மூடுவதற்கு முன் மகனுக்குச் செய்ய வேண்டிய அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிட வேண்டும் என்று ஊரிலிருந்து கேட்கிறார், ஆனால் அக்காவின் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டோம் என்றார். நல்ல மனிதர். குரலில் அவசரம் இருக்கவில்லை. அந்தியேட்டி இறந்தவருக்குச் செய்வது. அது நடந்தால் அக்காவின் நெற்றியில் பொட்டு இருக்காது என்பதை அவரும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அதன் பிறகு அவளுக்கு நித்திரை இல்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒரு குடுவையைக் கைதவற விட்டாள். என்ன சமைத்தோம் என்பதையே மறந்துபோனாள். டொக்டர் அவளை ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த ஆங்கிலப் பெண் இரண்டு மூன்று தடவை அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு புத்தகத்தை வாசிக்கக் கொடுத்தார்.

அமெரிக்காவில் எழுதப்பட்ட சுய சிகிச்சைப் புத்தகம். அந்த ஆண்டு பத்திரிகைகளில் அதன் பெயர் நிறைய அடிபட்டது. வாழ்வையே மாற்றியது என்று ஒரு சாராரும், குடும்பங்களைக் குலைக்கிறது என்று ஒரு சாராரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தின் வாதம் எளிமையானது. நம்மைவிட்டுப் போனவர்களை நாம் மனதில் பிடித்து வைத்திருப்பதே எல்லா நோய்க்கும் வேர். காத்திருப்பது ஒரு பழக்கம், அதை வெட்டிவிடலாம். அதற்கு ஒரு பயிற்சி: ஆள் உட்காராத வெறுங்கதிரை ஒன்றை வைத்து, அதில் போனவரின் படத்தை வைத்து, எதிரே உட்கார்ந்து, முதலில் அவர்மேலுள்ள கோபத்தைச் சொல்ல வேண்டும், அடுத்து நன்றியை, மூன்றாவதாக அவரை வழியனுப்பிவிட வேண்டும். வாய்விட்டு.

மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் எங்கள் முன்னறையில் நாலு பேர் கூடிப் புத்தகம் பேசுவது வழக்கம். நானும் அக்காவும் போக, மற்ற இருவரில் ஒருவர் டூட்டிங்கிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். ஊரில் வங்கியில் இருந்தவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் காசாளர். நாங்கள் பெற்றோல் அண்ணை என்போம். மற்றவர் மலேசியத் தமிழர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட கணக்காளர். அந்த மாதம் எதை வாசிக்கலாம் என்று கேட்டபோது அக்கா இந்தப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். ஒரே பிரதி. ஒருவர் மாறி ஒருவராக வாசித்தோம். அண்ணையிடமிருந்து திரும்பி வந்தபோது அதற்கு மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தது.

"முகப்பிலை ஒரு மனுசி அழுதுகொண்டிருக்கிறா," என்றார். "கல்லாவிலை வைச்சு வாசிக்கிறன். பெற்றோல் அடிக்க வாறவன் விலையைப் பாத்து நானும் அழுறன் எண்டெல்லே நினைப்பான்."

அந்த ஞாயிறு அவர்தான் தொடங்கினார்.

"நான் முழுக்க வாசிச்சனான். முதலாம் அத்தியாயத்திலை எனக்கு ஒரு குறையும் இல்லை. மூண்டாம் அத்தியாயம் முடியேக்கை அதிலை சொன்ன எல்லா நோயும் எனக்கு இருக்கு."

"எல்லாருக்கும் இருக்கும்ங்க," என்றார் மலேசியக்காரர். "அப்பதானே எல்லாரும் வாங்குவாங்க."

"அதுசரி, ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலையும் ஓராள் சுகமாகி எழும்பிப் போகுது. ஒருத்தருக்கும் சுகம் வராமல் போகேல்லையோ?"

"சுகம் வராத ஆக்களை அவர் ஏன் எழுதப்போறார்?" என்றாள் அக்கா. "ஒரு கூட்டத்துக்கு மருந்து குடுத்தால் இன்னொரு கூட்டத்துக்குக் குடுக்காமல் விட்டுப் பாக்கவேணும். இதை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தனான். சும்மா வீட்டிலை இருந்தாக்களுக்கும் அவர் சொல்லுற ஆறு கிழமையிலை சுகம் வந்திருக்கலாம். அவர் போய்ப் பாக்கேல்லை."

"ரீச்சர், ஆள் டொக்டர் எண்டு போட்டிருக்கே!" அக்காவை அண்ணை எப்போதும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"எதிலை டொக்டர் எண்டு போடேல்லை. நானும் தேடினனான்."

மலேசியக்காரர் சிரிக்கவில்லை. "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு," என்றார். "இதைப் படிச்சுட்டு அம்மாவோட பேசறதையே நிறுத்திட்டா. அந்த அம்மா ஒரு நாள் ஆபீசுக்கே வந்து கீழ நின்னாங்க. மழை வேற. இவ இறங்கிப் போகலையே. கேட்டா, இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்குங்கறா. அது உண்மையாவும் இருக்கலாம்லா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

என் முறை வந்தது. நான் கடைசிப் பக்கங்களிலிருந்த பின்னட்டவணையில் தலைப்புகளைப் பார்த்திருந்தேன். இறப்பு இருந்தது, விவாகரத்து இருந்தது, வீட்டைவிட்டுப் போன பிள்ளைகள் இருந்தார்கள். எங்கே என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை. அதைச் சொன்னேன். சொல்லாத ஒன்றும் இருந்தது. எத்தனையோ புத்தகங்களைக் குறை பிடித்து வாசித்தவள் நான். இந்த ஒரு புத்தகமாவது பொய்யாக இருந்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் வரமாட்டார் என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். எனக்கு அக்கா வேண்டியிருந்தது. பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே பாட்டு முணுமுணுத்த பழைய அக்கா.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் மலேசியக்காரர். "சமையல் புத்தகத்தைப் படிச்சுட்டு ருசியைப் பத்திப் பேசற மாதிரி இருக்கு. செஞ்சு பாத்துட்டுத் திட்டுவோமே."

அண்ணைக்கு அது பிடித்துப்போயிற்று. உடனே எழுந்து, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து, அறையைச் சூடாக்கும் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரேயொரு இடத்தில் வைத்தார். எதிரே உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். கதிரையில் இருந்தது அவருடைய சுப்பவைசர்.

"ஐயா, நத்தாருக்கு எனக்குத்தான் டியூட்டி போடுவீர். பொங்கலுக்கும் எனக்குத்தான் போடுவீர். இது கோபம். சம்பளம் ஒழுங்காத் தந்தனீர். இது நன்றி. இனி நீர் போம்!" என்று வாசலைக் காட்டினார். "ரீச்சர், ஆள் போகுதில்லை. நாளைக்கு ஆறு மணிக்கு நிக்கும்."

நாங்கள் சிரித்து ஓய்வதற்குள் அக்கா எழுந்தாள். "நான் செய்யிறன்," என்றாள். "ஒழுங்காச் செய்து பாக்காமல் பிழை எண்டு சொல்லக்கூடாது."

அண்ணை மெதுவாகக் கதிரையைவிட்டு விலகினார்.

பொழுது பட்டுவிட்டதால் அவள் முதலில் அந்தக் காஸ் அடுப்புக்கு மேலே சுவரிலிருந்த முருகன் படத்துக்கு விளக்கை ஏற்றினாள். அது நாள்தோறும் செய்வது. பிறகு கைப்பையிலிருந்து அத்தானின் படத்தை எடுத்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படம். பெரிதாக்கிக் கண்ணாடி போட்ட படம் எங்கள் வீட்டுச் சுவர்களில் யாருக்கு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா அதைப் பெரிதாக்கியதேயில்லை. கதிரையில் வைத்தாள், சரிந்து விழுந்தது. இரண்டாம் தடவையும் விழுந்தது. அந்தப் புத்தகத்தையே எடுத்து நிமிர்த்தி, அதில் படத்தைச் சாய்த்து வைத்தாள். நின்றது.

எதிரே உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் தொடங்கினாள்.

"அலுமாரித் திறப்பைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு போட்டீங்கள். என்ரை சேட்டிபிக்கற் எல்லாம் அதுக்குள்ளை. கடைசியிலை ஆளைப் பிடிச்சு உடைக்கவேண்டி வந்தது. நல்ல அலுமாரி. எத்தினை தரம் சொன்னனான், திறப்பை ஆணியிலை கொழுவுங்கோ எண்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "இது கோபம்."

அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இல்லாத நாளையிலை நான் தாள் திருத்தேக்கை விளக்கைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருப்பீங்கள். நித்திரை தூங்கித் தூங்கி. விளக்கு சரியும், தாளிலை எண்ணெய் சிந்தும். எழும்பிப் போய்ப் படுங்கோ எண்டால் போகமாட்டீங்கள். இது நன்றி."

மூன்றாவது, வழியனுப்புவது, மிச்சமிருந்தது. அக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பின்கதவு திறந்தது.

பக்கத்து வீட்டு மாமி. ஞாயிறு கூட்டத்துக்கு வடையும் ரோல்ஸும் கொண்டுவருவது அவருடைய பங்கு. புத்தகப் பேச்சில் அவருக்கு ஈடுபாடு இல்லை, ஆனால் நாங்கள் வெறும் தேநீரோடு பேசுவது அவருக்குப் பொறுக்காது. சமையலறையில் தட்டுகளை நிரப்பிக்கொண்டு நேரே முன்னறைக்கு வந்தார். கண்ணாடி அணிந்திருக்கவில்லை. எப்போதும்போலக் கதிரைகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, ஒரு கோப்பை தேநீர் என்று வைத்துக்கொண்டு வந்தார்.

"எங்கை இந்தாள், எழும்பிப் போட்டுதே? ஆறப்போகுது," என்றபடி, வெறுங்கதிரைக்கு முன்னாலிருந்த முக்காலியிலும் ஒரு தட்டை வைத்தார். பக்கத்தில் தேநீர்.

மேலே விளக்கு. கதிரையில் படம். படத்தின் முன் வடை.

"ஐயோ மாமி, என்ன வேலை செய்யிறியள்!" அண்ணை பாதி எழுந்துவிட்டார். "எடுங்கோ, எடுங்கோ. படைச்சமாதிரியெல்லே கிடக்குது!"

மாமி குனிந்து பார்த்தார். படத்தை அப்போதுதான் கண்டார். இறந்தவர்களின் திவசத்துக்கு எத்தனையோ தடவை படையல் வைத்த கை அது. வாயைப் பொத்திக்கொண்டு, "பிள்ளை, நான் காணேல்லையடி, சத்தியமாக் காணேல்லை," என்று தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"விடுங்கோ மாமி," என்றாள் அக்கா.

எழுந்து சமையலறைக்குப் போனாள். தட்டுகள் அடுக்கியிருந்த ராக்கையில் சத்தம் கேட்டது. அவள் அழப் போயிருக்கிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். அதற்குள் திரும்பி வந்தாள். ஒரு கையில் தட்டு, மற்றக் கையில் சோசர். தட்டைக் கவிழ்த்து வடையை மூடினாள். சோசரைத் தேநீர்க் கோப்பைமேல் வைத்தாள். தட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"பிந்தி வாற ஆக்களுக்கு மூடியெல்லே வைக்கிறது," என்றாள், மாமியைப் பார்த்து. "அவ்வளவுதான்."

படையலை யாரும் மூடுவதில்லை. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மாமி தம்மை அறியாமல் ஓம், ஓம் என்று தலையாட்டினார். மலேசியக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். என்னுடைய ஆசை முடிந்துபோனது எனக்குத் தெரிந்தது. பழைய அக்கா திரும்பப் போவதில்லை. என்றாலும் எனக்குள் இருந்தது அந்த ஏமாற்றம் மட்டுமல்ல. அத்தான் வரமாட்டார் என்று எப்போதோ முடிவெடுத்திருந்த எனக்கும், மூடியிருந்த அந்தத் தட்டைப் பார்த்ததும், அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட மாட்டாரா என்று இருந்தது.

வாசல் கதவு உண்மையிலேயே திறந்தது. எங்கள் ஐந்து பேர் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

என் கணவர். ஷிப்ட் முடிந்து, நனைந்த மேலங்கியோடு வந்தார். எல்லோருக்கும் பொதுவாகத் தலையசைத்துவிட்டு, மூடியிருந்த தட்டைக் கண்டதும் ஒரு கணமும் யோசிக்காமல் முக்காலியருகே நிலத்தில் உட்கார்ந்து மேல் தட்டைத் தூக்கி ஒரு வடையைக் கடித்தார். எங்கள் வீட்டில் மூடிய தட்டு என்றால் அது பிந்தி வந்தவருடையது. அவர் பிழை செய்யவில்லை.

எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் மென்றபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்ன? எனக்கில்லையே இது?"

அக்கா சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டு, கண்ணால் நீர் வழியச் சிரித்தாள். இலண்டனுக்கு வந்தபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "உங்களுக்குத்தான் தம்பி, சாப்பிடுங்கோ," என்றாள். "அவருக்கு வேறை வைக்கலாம்."

படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். புத்தகம் தொப்பென்று கதிரையில் விழுந்தது. மூன்றாவதை அவள் சொல்லவேயில்லை.

அந்த இரவு அக்கா நன்றாகத் தூங்கினாள். அன்றிலிருந்து தூங்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. அடுத்த வாரமும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கனடாவிலிருந்த அத்தானின் தமையனாருக்குத் தானே தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். "அண்ணை, இப்ப செய்யவேண்டாம். ஊரிலை மாமி கேட்டா நான்தான் மறிச்சனான் எண்டு சொல்லுங்கோ. பழி என்னிலை இருக்கட்டும்." மறுமுனையில் அவர், சரி பிள்ளை என்றார்.

அத்தானின் தாயார் 1994இல் ஊரில் காலமானார். மகனுக்குக் கிரியை நடந்ததைக் காணாமலே போனார். செய்தி வந்த அன்று அக்கா ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தத் தாய் கேட்டதும் நியாயம், அக்கா மறித்ததும் நியாயம். இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

புத்தகத்தை அக்கா உறையோடு ஆலோசகரிடம் திருப்பிக் கொடுத்தாள். எப்படி இருந்தது என்று அவர் கேட்டாராம். முதல் இரண்டும் செய்தேன், மூன்றாவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது என்றாளாம். நீங்கள் இன்னும் அதற்குத் தயாராகவில்லைப் போலிருக்கிறது என்று ஆலோசகர் பரிவோடு சொன்னாராம். "நான் ரெடிதான். அவரைத்தான் காணேல்லை," என்றாள் அக்கா என்னிடம். அந்த ஆங்கிலப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லையாம். பாவம், நல்ல மனுசி என்றாள்.

1996இல் நாங்கள் செவன் கிங்ஸுக்கு வீடு மாறினோம். அக்காவும் எங்களோடு வந்தாள். அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள், வேலை முடிந்து வரும் வழியில், இல்ஃபோர்டில் பழைய பொருட்கள் விற்கும் ஒரு தருமக் கடையின் புத்தகத் தட்டில் அதே புத்தகம் இருந்தது. புதிய பதிப்பு. அழுகிற பெண்ணுக்குப் பதில் முகப்பில் ஒரு கதவு. ஐயப்பட்ட வாசகர்களுக்கு ஆசிரியர் ஒரு நீண்ட முன்னுரையில் பதில் சொல்லியிருந்தார். நின்றுகொண்டே வாசித்தேன். அம்மாவைக் கீழே நிற்கவிட்டவர்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, அதில் ஓரளவு வருத்தமும் இருந்தது. பின்னட்டவணையைப் புரட்டினேன். எங்கே என்று தெரியாதவர்கள் இன்னும் சேர்க்கப்படவில்லை. கதிரைப் பயிற்சி அப்படியே இருந்தது. கடை மூடும் நேரம் என்று சொன்னார்கள். வாங்காமல் வைத்துவிட்டு வந்தேன். ஆகவே அதன் முதல் பக்கத்தில் எழுத எனக்குத் திகதி இல்லை.

வீட்டுக்குப் பிந்திவிட்டேன். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் சமையலறை வெளிச்சத்தில் அடுப்புக்கு மேல் மூடிய தட்டு தெரிந்தது. எனக்குத்தான். இந்த வீட்டின் திறப்பு இருந்தது மூவரிடம் மட்டும். கணவர் உள்ளேதான் இருந்தார், அவருடைய தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. வந்திருப்பது யார் என்று அக்காவுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. என்றாலும் கதவுச் சத்தம் கேட்டால் அவள் எப்போதும் கேட்பதைத்தான் அன்றும் கேட்டாள், மேல் மாடியிலிருந்து, கொஞ்சம் வேகமாக.

"ஆரது?"

நான் மேலங்கியைக் கழற்றாமல் ஒரு கணம் நின்றேன்.

"நான்தான் அக்கா," என்றேன்.